வண்டிச் சத்தம் கேட்டால்

இளவழகன் சட்டையைக் கழற்றி வேலியில் வீசிவிட்டு மறுபடியும் கிராங்கைப் பிடித்தான். இடது கை எஞ்சின் தலையிலிருந்த சிறிய லீவரை அழுத்திக்கொண்டிருக்க, வலது கை சுற்றத் தொடங்கியது. பக்கத்துச் சக்கரம் கனத்தோடு சுழன்று வேகம் எடுத்தது. லீவரை விட்டான். கபக், கபக் என்று இரண்டு இழுப்பு. அவ்வளவுதான், உழவு டில்லர் நின்றுவிட்டது. புகைகூட வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமா சுத்தணும் தம்பி," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுச் சேரன். காலையிலிருந்து அவர் செய்த ஒரே ஒத்தாசை இந்த யோசனைதான்.

"நீங்க வந்து சுத்துங்களேன்."

"எனக்குத் தோள்பட்ட புடிச்சிருக்கு. இல்லாட்டி சுத்தமாட்டனா?"

மதிவதனி கொட்டகையின் மூங்கில் காலைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வயலுக்குப் போகும்போது சேலைமேல் போட்டுக்கொள்கிற அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை இன்றைக்கும் போட்டிருந்தாள். இன்றைக்கு அவள் வயலுக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டைக்குத்தான் பை இருந்தது. பைக்குள், டீசலில் நனைத்த துணித்துண்டில் சுற்றி, பொழுது விடிகிற நேரத்தில் டீசல் பம்புக்குள்ளிருந்து அவள் கழற்றி எடுத்த வால்வு இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கூடவே ஒரு ஸ்பிரிங். அவை இல்லாமல் பம்பிலிருந்து டீசல் சொட்டுமே தவிரப் பீறிடாது. தம்பி இன்றைக்கு முழுக்கச் சுற்றினாலும் வண்டி கிளம்பப் போவதில்லை.

அது அவனுக்குத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்குள், கூடத்துக் கட்டிலில், அப்பா மருதையன் உயிர் போகாமல் கிடந்தார்.

பக்கவாதம் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று அனுப்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னார்குடி தாண்டும்வரை தாங்கினாலே பெரிது என்று ஆம்புலன்ஸ் டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மருதையன் மன்னார்குடியும் தாண்டினார், வீட்டுப் படியும் தாண்டினார், கட்டிலில் படுத்தவர் அப்படியே மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடக்கிறார். கண் திறக்கவில்லை, பேச்சில்லை. கத்தாரில் கிரேன் ஓட்டுகிற மகன் இளவழகன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். சொந்தபந்தமெல்லாம் வந்து ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றிவிட்டு, ஊற்றிய பாலுக்குப் பலன் தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

அப்போதுதான் திருப்பனந்தாளிலிருந்து மஞ்சள் பையோடு வந்து இறங்கினாள் கண்ணாத்தாள். மருதையனுக்கு மூத்தவள். இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களை அனுப்பிவைப்பதில் பேர் எடுத்தவள். வந்தவள் தம்பியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆச எதுலயோ நிக்கிது," என்றாள். "அதத் தீத்து வைக்காம எப்புடிப் போவான்?"

முதலில் பொன். அம்மாவின் தாலிக் குண்டைக் கல்லில் உரசி, அந்தத் தண்ணீரை நாக்கில் விட்டார்கள். போகவில்லை. அடுத்தது மண். சேரன் ஓடிப்போய் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வந்தார். கரைத்து, தெளிவை இறுத்து ஊற்றினார்கள். அன்றைக்கு ராத்திரி மூச்சு முன்னைவிடச் சீராக வந்தது. கண்ணாத்தாளுக்குச் சந்தேகம் தட்டியது.

"எந்த வயல்ல எடுத்த?"

"ரோட்டோரத்து வயல்லதான் சின்னம்மா."

"அடப்பாவி! அது குத்தகை வயலுல்ல? ஊரான் வூட்டு மண்ணக் கரைச்சு ஊத்துனா எப்புடிடா போவான்? போயி சொந்த மண்ண எடுத்துட்டு வா."

சேரன் மறுபடியும் ஓடினார். சொந்த மண்ணுக்கும் மருதையன் அசையவில்லை.

கடைசியில் நேற்றுச் சாயங்காலம் கண்ணாத்தாள் அதைக் கண்டுபிடித்தாள். தம்பியின் வலது கை விரல்கள் போர்வையை இறுக்குவதும் விடுவதுமாக இருந்தன. இடது கை விளங்காமல் கிடந்தது. இறுக்குவார், கொஞ்ச நேரம் பிடித்திருப்பார், விடுவார். மறுபடி இறுக்குவார். டில்லர் பிடித்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிடிகளுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு லீவர் இருக்கும். வயல் மூலைக்கு வந்ததும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து லீவரை இறுக்க வேண்டும். மருதையன் ஒரு வயலுக்குள் வலது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தார்.

"உழுதுகிட்டு இருக்கான்யா!" என்று கண்ணாத்தாள் தொடையில் தட்டிக்கொண்டாள். "எங்க மாமியா வெத்தலப் பொட்டிய நெஞ்சுல வச்சப்புறந்தான் போனா. இவன் உசுரு அந்த வண்டியில நிக்கிது. வண்டியக் கெளப்புங்க. சத்தம் கேட்டா நிம்மதியாப் போயிருவான்."

"சுத்துப்பட்டு முழுக்க டிராக்டர் ஓடிக்கிட்டுத்தான இருக்கு அத்தே," என்றாள் மதிவதனி. குறுவைக்குத் தண்ணீர் வந்து எல்லா வயலிலும் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. "சத்தத்துக்கா பஞ்சம்?"

"அதெல்லாம் ஊரான் வண்டிடி. இவன் வண்டிச் சத்தம் இவனுக்குத் தெரியாதா?"

கூடத்திலிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். காலையில் முதல் வேலையாக வண்டியைக் கிளப்பிவிடலாம் என்றான் இளவழகன். மதிவதனி மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

சாத்திரம், சடங்கு எதிலும் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. தாலிக் குண்டை உரசியபோது உள்ளுக்குள் சிரித்தாள். மண் கரைத்தபோது, தொண்டையில் அடைத்துவிடப் போகிறது என்று சண்டை போட்டாள். ஆனால் இதை நம்பிவிட்டாள். அப்பாவையும் தெரியும், வண்டியையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்ததும் தெரியும். சத்தம் கேட்டால் போய்விடுவார். நிச்சயம் போய்விடுவார்.

வண்டி ஒன்றும் லேசுப்பட்டதல்ல. மருதையனின் அப்பா பண்ணையாளாக இருந்த வீட்டுக் கொட்டகையில், கோழி அடைகாக்கிற இடமாகக் கிடந்த டில்லர் அது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை மருதையன் கேட்டு வாங்கி, கட்டை வண்டியில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தெருவுக்கு வந்த முதல் எஞ்சின். அந்த மாடலை இப்போது யாரும் செய்வதில்லை, சாமானும் கிடைக்காது. செத்துப்போன வேறு டில்லர்களின் உறுப்புகளைத் தேடித் தேடி வாங்கி வந்து, லேத்தில் கொடுத்துக் கடைந்து, இதை உயிரோடு வைத்திருந்தார். நாலு பக்கமும் வரப்பு நெருக்குகிற துண்டு வயல்களுக்கும், பெரிய டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் உளைகளுக்கும் இன்றைக்கும் மருதையன் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மதிவதனி பெட்டியோடு திரும்பி வந்த அன்றைக்கு அவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "அந்தப் பன்னண்டாம் நம்பரு ஸ்பானர எடு," என்றார். ஊர் முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஸ்பானர் மட்டுமே கேட்டார். அதற்கப்புறம் இருவருமாகத்தான் ஓட்டினார்கள். அவர் காலையில், இவள் மத்தியானத்தில். ஆரம்பத்தில் பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று சிரித்தவர்கள், நாற்று முற்றுகிற அவசரத்தில் சிரிப்பதை விட்டார்கள். அவர் போய்விட்டால், காலையில் எழுந்ததும் யாரிடம் போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. விடிகாலையில் பம்பின் நட்டைக் கழற்றும்போது அவள் வேறெதையும் யோசிக்கவில்லை.

"பம்புலதான் கோளாறு," என்றான் இளவழகன், கையைத் துடைத்துக்கொண்டே. நாசிலுக்கு டீசல் போகிற குழாயைக் கழற்றி, கிராங்கைச் சுற்றிப் பார்த்திருந்தான். "டீசல் வருது, ஆனா அடிக்கல. வெறுமனே சொட்டுது. ஷேக் பரீத் பாயக் கூப்புடுறேன்."

"அவருக்குச் சீசன் நேரம். வரமாட்டாரு," என்றாள் மதிவதனி.

"அப்பாவுக்குன்னா வருவாரு."

வந்துவிட்டார். திருத்துறைப்பூண்டியில் பட்டறை வைத்திருக்கிற ஷேக் பரீத், பாதியில் விட்ட வேலையின் கிரீஸ் கையில் அப்படியே இருக்க, மொபெட்டில் வந்து இறங்கினார். மருதையனோடு இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்ட சிநேகிதம். இந்த வண்டிக்கு இனி என்னால் சாமான் தேட முடியாது என்று ஒவ்வொரு வருஷமும் சத்தியம் செய்வார், ஒவ்வொரு வருஷமும் எங்கிருந்தாவது தேடிக்கொண்டு வந்து நிற்பார்.

குந்தி உட்கார்ந்தார். பம்பின் மேல் நட்டில் ஸ்பானரை வைத்தார். மதிவதனி அங்கிருந்து போய்விட நினைத்தாள், போகவில்லை. நட்டு சுலபமாகக் கழன்றது. புதிதாகக் கழற்றி மாட்டிய நட்டு அப்படித்தான் கழலும். பாய் குனிந்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நட்டை எடுத்துத் திரும்ப மாட்டி, நிதானமாக முடுக்கினார்.

"என்ன பாய்?" என்றான் இளவழகன்.

"டெலிவரி வால்வு போயிருச்சு தம்பி."

"மாத்திரலாமா?"

"இதுக்கு எங்க போறது? கடையில பழசு கெடக்குதான்னு பாக்குறேன். சாயந்தரமா போன் பண்றேன்."

அவர் மதிவதனியின் பக்கம் திரும்பவே இல்லை. பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இறுக்கி விட்டுக்கொண்டிருந்த மருதையனின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. எழுந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மாவிடம் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.

மொபெட் வரைக்கும் மதிவதனி கூடப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் வண்டியைத் தள்ளி நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"மண்ணு படாம வச்சிருக்கியா மதி?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"படாம வச்சுக்க. ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. மறு வால்வு கெடைக்காது."

அவ்வளவுதான் சொன்னார். மொபெட் வாய்க்கால் கரையோடு போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவளுக்கு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. கொட்டகைக்குப் போனாள்; வண்டியைப் பார்க்கப் பிடிக்காமல் கூடத்துக்கு வந்தாள்; அப்பாவின் மூச்சைக் கேட்க முடியாமல் அடுப்படிக்குப் போனாள். உலையில் அரிசி போட்டுவிட்டு, போட்டோமா இல்லையா என்று திறந்து பார்த்தாள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. உழவு கேட்டு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். நாற்று வயசாகிறது, அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரே மூச்சில் இரண்டையும் விசாரித்தார்கள். "பாக்கலாம் அண்ணே" என்று இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் அப்பாவைப் புரட்டித் துடைக்க வேண்டியிருந்தது. அம்மா தோளைப் பிடிக்க, மதிவதனி இடுப்பைப் பிடித்தாள். முதுகில் படுக்கைப் புண் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பிளந்திருந்தது. மருந்துப் பஞ்சு பட்டதும் மருதையனின் முகம் சுருங்கியது. வாய் கோணித் திறந்து, சத்தம் வராமல் அப்படியே நின்றது. பஞ்சை எடுத்த பிறகும் அந்த முகம் விரிய வெகு நேரம் பிடித்தது.

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதும் கையில் விசிறியை வைத்து விசிறிக்கொண்டே இருப்பாள். அவள் படுத்துத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"வலிக்கிறது மட்டும் இன்னும் தெரியுதுடி அவருக்கு," என்றாள். "மத்தது எல்லாம் போச்சு. அது மட்டும் போவல."

மதிவதனி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். கூடத்து மூலையில் கண்ணாத்தாள் வெற்றிலை மென்றபடி, "வண்டி என்னாச்சு?" என்றாள்.

"ஓடல அத்தே."

"ஓடணுமே," என்றாள் கண்ணாத்தாள். அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது. சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த தம்பி. அனுப்பிவைப்பதில் எவ்வளவு பேர் எடுத்திருந்தாலும், அவள் நேற்றிலிருந்து ஒரு பிடி சோறு தின்றிருக்கவில்லை.

இளவழகனைத் தேடிக்கொண்டு மதிவதனி வாய்க்காலுக்குப் போனாள். அவன் படித்துறையில் உட்கார்ந்து, கொப்பளித்திருந்த உள்ளங்கைகளை ஓடுகிற தண்ணீருக்குள் விட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் காலையிலிருந்து சேர்ந்து கிடந்த கோபமெல்லாம் மேலே வந்தது.

"எப்ப ஃப்ளைட்டு?"

"வர்ற வாரம்."

"அதுக்குள்ள முடிஞ்சிரணும்னு பாக்குற. அதான் கை கிழியக் கிழிய சுத்துற."

அவன் திரும்பிப் பார்த்தான். அடிக்க வருவான் என்று நினைத்தாள். சின்ன வயதில் அடித்திருப்பான். இப்போது அவன் முகம் அடி வாங்கினவன் முகமாகத்தான் இருந்தது.

"அத்த சொல்றத நான் நம்புறேன்னு நெனைக்கிறியாக்கா? சாவுறதுக்கு எதுக்கு வண்டிச் சத்தம்? அதெல்லாம் தானா வரும்."

"பின்ன எதுக்கு?"

"நான் வந்து இத்தன நாளாச்சு. கட்டில்கிட்டயே உக்காந்திருக்கேன். ஒரு தடவகூட என்னப் பாக்கல." தண்ணீரிலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்தான். எரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டான். "போன் பண்றப்பல்லாம், வண்டி ஓடுதாப்பான்னு கேப்பேன். ஓடுதுடாம்பாரு. வேற என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். மத்தியானத் தூக்கத்துல யாராச்சும் அந்த வண்டியத் தொட்டா, எவன்டா அதுன்னு எந்திரிச்சு வந்துருவாரு. வருவாருல்ல? அந்தச் சத்தம் கேட்டா கண்ணத் தொறப்பாருக்கா. எனக்கு அவரு சாவ வேணாம். கண்ணத் தொறந்து ஒருக்கா, இளவழகா வந்துட்டியான்னு பாத்தாப் போதும்."

மதிவதனி வாய்க்காலைப் பார்த்தாள். ஆகாயத்தாமரை ஒன்று சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை வருஷம் அப்பாவின் ஒவ்வொரு காலையையும் வைத்துக்கொண்டவள் அவள். இவனுக்குக் கிடைத்தது போனில் ஒற்றைக் கேள்வியும் ஒற்றைப் பதிலும். மிச்சமிருக்கிற ஒரு பார்வையையும் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, இவனைப் பார்த்து ஃப்ளைட்டு எப்போது என்று கேட்டிருக்கிறாள்.

சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார், அது சரிதான். திறந்தபின் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பயம் துளியும் குறையவில்லை. ஆனால் பஞ்சு பட்டதும் சுருங்கிய அந்த முகம் கண்முன்னே நின்றது.

அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பம்பின் நட்டைக் கழற்றினாள். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்து, வால்வை டீசலில் ஒரு முறை அலசி, இருந்த இடத்தில் இறக்கினாள். மேலே ஸ்பிரிங். நட்டை வைத்து முடுக்கி, குழாயை மாட்டினாள். குழாயில் புகுந்திருந்த காற்று வெளியேற வேண்டும். அதற்கான போல்ட்டைத் தளர்த்திவிட்டு நின்றாள். குமிழ் குமிழாகக் கக்கிவிட்டு, டீசல் தெளிந்து வழிந்தது. போல்ட்டை இறுக்கினாள். கிராங்கை மெதுவாகச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டாள். எஞ்சினுக்குள் 'கிர்ர்' என்று டீசல் பீறிடுகிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது இளவழகன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கீழே கிடந்த துணித்துண்டைப் பார்த்தான். அவள் சட்டைப் பையைப் பார்த்தான். பைக்கு அடியில் டீசல் ஊறி வட்டமாகக் கறை பிடித்திருந்தது.

திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"நீ உள்ள போ," என்றாள் மதிவதனி. "தலமாட்டுல உக்காராத. கண்ணத் தொறந்தா நேராத் தெரியற மாதிரி, காலுப் பக்கம் உக்காரு."

"நீ வரலியா?"

"நானும் வந்துட்டா வண்டிய யாரு கெளப்புறது?"

அவன் தயங்கி நின்றான். பிறகு நடந்தான்.

"சட்டையப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள். வேலியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே அவன் பின்கட்டு வழியாக உள்ளே போனான்.

கால் விரல்களை மண்ணில் ஊன்றி, கிராங்கைப் பிடித்தாள். சுற்றினாள். முதல் சுற்று கனத்தது, அடுத்தது வழிவிட்டது. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று தோள் இறங்குகிறவரை சுற்றி, லீவரை விட்டாள். டப் என்று ஒரு வெடிப்பு. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் டப், டப், டப் என்று கொட்டகை முழுவதும் அதிரத் தொடங்கியது. கரும்புகை கூரையில் மோதிச் சுருண்டது. கோழிகள் எட்டுத் திக்கிலும் சிதறின. சேரன் வேலிக்கு மேல் தலையை நீட்டி இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் வாய் எதையோ கத்தியது, கேட்கவில்லை.

மதிவதனி பிடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினாள். எஞ்சின் ஒரே சீராக அடித்தது. பிசிறு தட்டவில்லை. இப்படித்தான் அடிக்க வேண்டும் என்பார் அப்பா.

பின்கட்டு வாசலுக்கு உள்ளே இருட்டாக இருந்தது. வெயிலில் நின்று பார்ப்பவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டில் அதற்கும் உள்ளே இருந்தது. அவள் வாசலையே பார்த்தாள். கண் திறந்திருப்பாரோ? எவன்டா அது என்று கேட்டிருப்பாரோ? ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. போக முடியாது. பிடியில் கையை வைத்துக்கொண்டு, சத்தத்துக்குள் நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. வாசலில் முதலில் வந்தது கண்ணாத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, படியில் காலை வைத்துத் தடவி இறங்கி, அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நரைத்த முடி தோளில் விழுந்தது. கை உயர்ந்து மார்பில் இறங்கியது, மறுபடி உயர்ந்தது. அவள் வாய் அகலமாகத் திறந்திருந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

தெருப் பெண்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியாகத் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்கள். ஒருத்தியின் சத்தமும் எட்டவில்லை. வாசல் நிலையில் அம்மா வந்து நின்றாள். கையில் விசிறி அப்படியே இருந்தது. அழவில்லை. டில்லரையும் மதிவதனியையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனாள்.

இளவழகன் கொட்டகைக்கு வந்தான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னான், விளங்கவில்லை. மறுபடி சொன்னான். அப்புறம் இரண்டு விரல்களால் தன் கண்களைத் தொட்டான். அந்த விரல்களால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். திரும்பத் திரும்பக் காட்டினான். புரிந்தது என்று அவள் தலையாட்டிய பிறகும் காட்டினான்.

சேரன் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, போதும் நிறுத்து, நிறுத்து என்று கையை ஆட்டினார். நிறுத்துவதற்கு விரலால் ஒரு லீவரைத் தள்ளினால் போதும். தள்ளினால் எல்லாம் கேட்கத் தொடங்கிவிடும். மதிவதனியின் கை பிடியிலேயே இருந்தது. சேரன் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

எஞ்சினுக்கு மேலிருந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியிருந்தது. பழைய காலத்து எஞ்சின். அந்தத் தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

இளவழகன் ஆவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மூலையிலிருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு, ஓடி வருகிற பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, வாய்க்காலுக்குப் போனான்.